பொய்க்கோபத்தில் ஒரு கட்டம் அதிகம்

அந்த பாலே நடனப் பள்ளியில் அவளை எல்லோரும் பியானோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்துச் சிறுமிகள் அப்படிக் கூப்பிட்டது நியாயம். அந்தச் சிறுமிகள் வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, தங்கள் பெண்களைக் கையில் பிடித்து அழைத்து வந்தபோதும் அவள் அக்காதான். அந்தக் குட்டிகளுக்கும் அக்காதான். "அம்மாவுக்கும் அக்கா, பொண்ணுக்கும் அக்கா, இது என்ன உறவுமுறை?" என்று அவள் கணவர் கேட்பார். "எங்க கம்பெனில கூட இந்நேரம் ஒரு பதவி உயர்வு குடுத்திருப்பாங்க. உன்னை ஒரு அத்தையாவது ஆக்கியிருக்கலாம்." அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஏற்றம் இறக்கம் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு.

வேலை இதுதான். ஒரு நீளமான கூடம். தரை முழுக்க மரப்பலகை. ஒரு பக்கச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, மற்ற சுவர்களில் இடுப்பு உயரத்துக்குக் கம்பி. கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கால் பழகுவார்கள். மூலையில் ஜன்னலோரமாகச் சுவரைப் பார்த்தபடி பியானோ. அக்கா வகுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பிக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். டீச்சர் குரல் கொடுத்தால் வாசிக்கத் தொடங்க வேண்டும், கை தட்டினால் நிறுத்த வேண்டும். ஸ்வரம் அந்தரத்தில் நின்றாலும் சரி, வாய்க்குப் போகிற கவளத்தைத் தட்டிவிடுகிற மாதிரி பாட்டு உடைந்தாலும் சரி, கை தட்டினால் நிறுத்து. யாரோ ஒருத்தியின் முழங்கால் வளைந்திருக்கும், அதற்காக ஒரு பாட்டே பலியாகும். இந்த வேலைக்கு இசை ஞானம் கையளவு போதும், பொறுமை மலையளவு வேண்டும். அவளிடம் அது இருந்தது.

பாதியில் நிறுத்துவது அவளுக்குப் புதிதும் இல்லை. அவள் அப்பா ஒரு பியானோ கடையில் பாலிஷ் போடுகிற வேலையில் இருந்தார். காலையில் கடை திறக்கும் முன்பே போய் ஒவ்வொரு பியானோவையும் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்து வைக்க வேண்டும். தாயில்லாத பெண்ணை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கூடவே கூட்டிப் போவார். கடையில் ஓர் அம்மாள் விற்பனைப் பிரிவில் இருந்தார். வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவது அவர் பொறுப்பு. ஒரு பியானோவை விற்க எவ்வளவு வாசித்தால் போதுமோ அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எந்தப் பாட்டானாலும் முதல் பக்கம் தேன் ஒழுகும், இரண்டாம் பக்கத்தை அவரும் பார்த்ததில்லை, வாங்க வந்தவர்களும் கேட்டதில்லை. அந்த அம்மாள்தான் பாலிஷ்காரர் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிரியமாகப் பழகிய பியானோ ஒன்று மறுநாள் போனால் இருக்காது, விற்றுப்போயிருக்கும். இதற்கெல்லாம் அழக்கூடாது என்று அவள் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டாள்.

பள்ளியில் அவள் அதிகம் வாசித்தது ஒரே ஒரு தொகுப்பைத்தான். 'ஒரு வீட்டில் ஒரு நாள்' என்று பெயர். பியானோ ஒன்றுக்கென்றே எழுதப்பட்ட பன்னிரண்டு சின்னச் சின்னத் துண்டுகள். எழுதியவர் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பெரிய போர்களையும் ராஜாக்களையும் விட்டுவிட்டு, வீட்டுக்குள் நடக்கிற அற்பமான விஷயங்களையும் மனசுக்குள் நடக்கிறதையும் எழுதிப் பார்க்கலாமே என்று இசைக்காரர்களுக்கு ஓர் ஆசை வந்த காலம் அது. ஆகவே ஒரு துண்டின் பெயர் 'மாடிப்படி'. இன்னொன்று 'தொலைந்த சாவி'. 'அடுத்த வீட்டு நாய்' என்று ஒன்று, 'பொய்க்கோபம்' என்று ஒன்று. கடைசியில் வருவது 'விளக்கை அணைத்த பின்'. ஒரு வாய் காபி ஆறுவதற்குள் ஒரு துண்டு முடிந்துவிடும். பள்ளியில் இந்த அழகான பெயர்களை யார் மதித்தார்கள்? 'மாடிப்படி' முட்டி மடக்குகிற பாட்டு. 'தொலைந்த சாவி' குதிகால் பாட்டு. 'பொய்க்கோபம்' கால் வீசுகிற பாட்டு. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்படித்தான் சொன்னார்கள்.

டீச்சருக்குக் கண்கண்ட தெய்வம் எட்டு. எல்லாம் எட்டெட்டாக எண்ணித்தான் நடக்கும். எட்டு எண்ணிக் கால் போகும், எட்டு எண்ணித் திரும்பும். அவர் ஒல்லியான மனுஷி, குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாத குரல். வகுப்பு நேரத்தில் அக்காவுக்குப் பெயர்கூடக் கிடையாது. "பியானோ, இன்னும் கொஞ்சம் மெதுவா!" என்பார், பியானோவே தானாக வாசித்துக்கொள்கிற மாதிரி. ஆனால் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராமல் போனால் மூன்றாம் நாள் பழம் வாங்கிக்கொண்டு படியேறி வந்துவிடுவார். அந்த மாதிரி ஆள்.

டீச்சருக்கு வாழ்நாள் ஆசை ஒன்று இருந்தது. அந்தத் தொகுப்புக்கு முதலிலிருந்து கடைசி வரை, ஒரு துண்டையும் வெட்டாமல், பெரிய அரங்கத்தில் பிள்ளைகளை ஆட வைக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பம் போடுவார், ஒவ்வொரு வருஷமும் அரங்கத்தார் கையை விரித்துவிடுவார்கள். ஒரு வருஷம் யாரும் எதிர்பார்க்காமல் ஒரு நாள் மாலை கிடைத்தது. பெயர் பெற்ற ஒருவர் பியானோ வாசித்தால்தான் கூட்டம் வரும் என்று அரங்கத்தார் சொன்னார்கள். வெளியூரிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அவர் நிகழ்ச்சிக்கு முதல் நாள்தான் வந்து சேருவார். அதுவரை பல மாசம் பிள்ளைகளைப் பழக்குவது அக்காவின் பொறுப்பு.

கணவருக்குப் பொறுக்கவில்லை. "வீட்டைக் கட்டினவனை வாசல்ல நிக்க வெச்ச கதையா இருக்கே. நீயே வாசிச்சா என்ன?"

"மேடையில எனக்கு வராதுங்க," என்றாள் அவள். "சனங்க கை தட்டினா நான் பாதியில நிறுத்திடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வகுப்புக்கு வேண்டியது ஒவ்வொரு துண்டிலும் முதல் பாதிதான். இப்போது முழுசும் வேண்டும் என்றதும் டீச்சர் பின்பாதிகளுக்கு நகல் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். பிள்ளைகள் போன பிறகு, சாயங்கால வெளிச்சம் மரத்தரையில் கிடக்க, அக்கா தனியாக உட்கார்ந்து அவற்றைப் பழகினாள். 'மாடிப்படி' என்றால் யாரோ குஷியாக மேலே ஏறுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பின்பாதியில், ஏறுகிறவர் நடுப்படியில் நின்றுவிடுகிறார். எதையோ நினைத்துக்கொள்கிறார். இடது கை ஒரே ஸ்வரத்தை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, வலது கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்புறம் முன்னைவிட மெதுவாக, வேறு ஆளாக, மேலே போகிறார். அவ்வளவுதான் பாட்டு. அக்கா கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை வருஷம் இந்த வீட்டின் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம், உள்ளே இத்தனை அறை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள். பன்னிரண்டு பின்பாதிகளையும் அப்படித்தான், கதவைத் தள்ளித் திறக்கிறவள்போலத் தயங்கித் தயங்கி வாசித்தாள்.

முன்பாதிகளுக்கு மட்டும் அவள் தாளைப் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? கைக்குத் தெரிந்த வழி, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இங்கேதான் வினை காத்துக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரர் முதல் நாள் காலையில் அரங்கத்துக்கு வந்து சேர்ந்தார். நெட்டையான ஆள், கதவுக்கெல்லாம் குனிந்து குனிந்து முதுகே கொஞ்சம் அப்படியே நின்றுவிட்டிருந்தது. பெரிய ஆள் என்ற பந்தா கொஞ்சமும் இல்லை. "முதல்ல நீங்க வாசிங்க மேடம். பிள்ளைங்க எந்த வேகத்துல ஆடறாங்கன்னு நான் கீழ உட்கார்ந்து பார்த்துக்கறேன்" என்றார். அக்கா காலை முழுக்க வாசித்தாள். அவர் மூன்றாம் வரிசையில் தாளைத் திறக்காமல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில துண்டுகளை இரண்டாம் முறையும் கேட்டார். மதியத்துக்கு மேல் அவர் போய்ப் பியானோவில் உட்கார, அக்கா கீழே இறங்கி வந்தாள்.

அவர் 'விடியல் இருட்டு' என்ற முதல் துண்டைத் தொடங்கியதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதே கட்டைகளைத்தான் அவரும் தொட்டார். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தானாக அந்த இடத்தில் இருந்ததுபோலவும், அவர் வந்து அதன் மேல் மூடியிருந்ததை மட்டும் எடுத்ததுபோலவும் கேட்டது. கடைசி ஸ்வரம் முடிந்த பிறகும் அரங்கத்தின் மேல்கூரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போயிற்று. பொறாமைப்படலாம் என்று பார்த்தாள், பொறாமைக்கு எட்டுகிற உயரத்தில் அது இல்லை. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்ற பிரமிப்புதான் மிஞ்சியது. பிள்ளைகள்கூட ஆடிக்கொண்டே பியானோ பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்தாவது 'பொய்க்கோபம்'. ஐந்து பெண்கள் ஆடுவது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டுகிற மாதிரி பாவனை. முன்பாதி நாலு வரி. மூன்றாம் வரி முடிகிற இடத்தில் ஐந்து பேரும் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்பார்கள். நாலாம் வரியின் முதல் ஸ்வரத்தில் குதித்துத் திரும்புவார்கள். மாசக்கணக்காகப் பழகியது. அன்றைக்கு அவர்கள் காலைத் தூக்கும்போதே நாலாம் வரி ஓட ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி அவசரமாகக் குதித்தாள், ஒருத்தி தூக்கிய காலோடு நின்றாள், எல்லோரிலும் சிறியவள், சுண்டெலி என்று கூப்பிடுவார்கள், இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தாள்.

மறுபடி செய்தார்கள். மறுபடியும் அதே இடம், அதே கூத்து.

டீச்சர் மேடைக்கு ஏறிவிட்டார். "எட்டு எண்ணத் தெரியாதா உங்களுக்கு? இத்தனை மாசம் என்னத்தைக் கிழிச்சீங்க?"

"எட்டுதான் டீச்சர் எண்ணினோம்," என்றாள் பெரியவள், அழுகை முட்டிக்கொண்டு.

வெளியூர்க்காரர் தாளைப் பார்த்தார். பியானோ தாளில் இசையைக் குறுக்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். இந்தப் பாட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று கணக்கு. "இந்த வரியில ஏழு கட்டம்தான் இருக்கு," என்றார் அவர். "மத்த மூணு வரியிலயும் எட்டு. இது மட்டும் ஏழு."

கீழே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "இந்த வரி எட்டு வரல. கால் அந்தரத்துல நிக்குது. ஒண்ணு சேரு" என்று டீச்சர் சொன்னார். அவளும் சேர்த்தாள். மூன்று ஸ்வரம் மெல்ல மேலே ஏறி, ஒரு மூச்சு நின்று, அப்புறம் நாலாம் வரி. சின்ன ஒட்டு. ஒரு வாரத்தில் கைக்குப் பழகிற்று. ஒரு வருஷத்தில் அது ஒட்டு என்பதே மறந்து போயிற்று. டீச்சருக்கும் மறந்து போயிற்று. அந்த ஊரில் கால் வீசப் பழகிய அத்தனை பெண்களும் அந்த ஒட்டின் மேல்தான் காலை வைத்து ஏறி வந்திருந்தார்கள். நாளை மாலை அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் இந்த ஐந்து பேர் கீழே விழுந்தால், அது அவள் தள்ளிவிட்டது.

அவள் எழுந்து மேடைக்கு அருகே போனாள். "பிள்ளைங்களைத் திட்டாதீங்க டீச்சர். அவங்க சரியாத்தான் எண்ணினாங்க. அந்த எட்டாவது கட்டம் நான் சேத்தது."

டீச்சர் மேடையின் விளிம்புக்கு வந்து அவளைப் பார்த்தார். அவருக்கும் நினைவு வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"அட, இதுல என்ன இருக்கு மேடம்," என்றார் வெளியூர்க்காரர். "ஒரே ஒரு கட்டம். நாளைக்கு நானும் அதைச் சேத்து வாசிச்சுடறேன். பிள்ளைங்க பழகினபடியே ஆடட்டும்."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதான் சரி. அப்படியே செஞ்சுடலாம்."

தலை தப்பியது என்று அக்காவும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவள் காதில் அவர் வாசித்த ஏழு கட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகு பழையபடி இருக்க அவளால் முடியவில்லை.

"வேண்டாங்க," என்றாள். "ஏழாவே வாசிங்க."

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்றார் டீச்சர்.

"பொய்க்கோபம் டீச்சர். கோபப்படற மாதிரி நடிக்கிறாங்க. நடிக்கிறவங்களுக்கு எட்டு வரைக்கும் எங்க தாங்கும்? ஏழுலயே சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுது. அந்தச் சிரிப்புதான் நாலாவது வரி. அதுக்குத்தான் எழுதினவர் ஒரு கட்டத்தை விட்டிருக்கார். நான் என்னடான்னா இத்தனை வருஷமா அந்தச் சிரிப்பை வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்தேன்." பியானோ மேலிருந்த தாளைக் கை காட்டினாள். "எவ்வளவு அழகா எழுதியிருக்கார். எனக்காக அதைக் கெடுக்காதீங்க."

வெளியூர்க்காரர் குனிந்து அந்த ஏழு கட்டத்தையும் தாளில் மறுபடி பார்த்தார். டீச்சர்தான் கேட்டார். "ஒரு காலைப்பொழுதுல இத்தனை மாசப் பழக்கத்தை மாத்த முடியுமா? நாளைக்கு இதுங்க விழுந்து வெச்சா?"

"விழாது. நான் மாத்திக் குடுக்கறேன்."

வாக்கைக் கொடுத்துவிட்டாளே தவிர, உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தாள். வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கேலி செய்யமாட்டார், சமாதானம் சொல்வார். அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் காலை பள்ளிக் கூடத்தில் ஐந்து பெண்களோடு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் மாற வேண்டியது அவள் கை. ஏழாவது கட்டம் முடிந்ததும் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் அந்த மூன்று ஸ்வரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் அந்தக் கையை இன்னொரு கையால் ஓர் அடி அடித்தாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி, மறுபடி, மறுபடி. சுண்டெலி மூன்று தரம் விழுந்தாள், எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு "இன்னொரு தடவை அக்கா" என்றாள். மதியத்துக்குள் ஐந்து பேரும் ஏழில் குதித்துவிட்டார்கள். ஏழில் குதிக்கும்போது அவர்களுக்கே நிஜமாகச் சிரிப்பு வந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தபோது அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எப்போதோ செத்துப்போன ஒரு மனுஷர், ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு, இந்தப் பிள்ளைகள் முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. பழைய மாணவிகள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அக்காவின் கணவர் கடைசிக்கு முந்தின வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். அக்கா மேடையின் பக்கவாட்டில், திரைச்சீலை ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பியானோ வாசிப்பவரின் முதுகும் கையும் தெரிந்தன, பிள்ளைகள் பாதி தெரிந்தார்கள்.

விடியல் இருட்டு விலகியது. மாடிப்படியில் யாரோ ஏறினார், நின்றார், போனார். அந்த நின்ற இடத்தில் அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. தெரியாத ஊரில் தெரியாத வீட்டில் என்றோ நடந்த ஒரு நாளை, இந்த அரங்கத்தில் எல்லோரும் தங்கள் வீடு என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எப்படி நடக்கிறது என்று அக்காவுக்குப் புரியவில்லை. புரியாததில் அவளுக்குக் குறையும் இல்லை. சாவி தொலைந்து கிடைத்தது. நாய் குரைத்து ஓய்ந்தது. ஐந்து பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்கள்.

அக்கா முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் வரி எட்டு. இரண்டாம் வரி எட்டு. மூன்றாம் வரி. ஐந்து, ஆறு, ஏழு. ஒற்றைக் காலைத் தூக்கி, குதிக்க ஐந்து உடம்பும் தயாராகக் குனிந்தன.

பியானோ நாலாம் வரிக்குப் போகவில்லை. மூன்று ஸ்வரம் மெல்ல மேலே ஏறியது.

அவள் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். ஆனால் அதுதான். அவள் போட்ட அதே ஒட்டு, அதே மூன்று ஸ்வரம். பிள்ளைகள் தொலைந்தார்கள் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூட முடியவில்லை. மேடையில் தரையை விட்டுக் கிளம்ப இருந்த ஐந்து கால்களும் அந்த முதல் ஸ்வரத்தைக் கேட்டதுமே அப்படியே நின்றன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி, ஐந்து பேரும் அந்த மூன்று ஸ்வரம் ஏறுகிறவரை காத்திருந்தார்கள். சுண்டெலியின் கால் மட்டும் லேசாக நடுங்கிற்று. நின்ற அந்த ஒரு மூச்சில் அரங்கமே அவர்களோடு சேர்ந்து நின்றது. அப்புறம் நாலாம் வரி சிரித்துக்கொண்டு புறப்பட, ஐவரும் ஒன்றாகத் துள்ளித் திரும்பினார்கள். கூட்டத்தில் யாரோ தன்னை மறந்து "அடடா" என்றார்கள்.

அக்கா அதற்குப் பிறகு வந்த துண்டுகளைக் கேட்டாளா என்றால், கேட்டாள், கண்ணில் நீர் வழிய வழியக் கேட்டாள். விளக்கை அணைத்த பின் அந்த வீட்டில் ஒவ்வொரு சத்தமாக அடங்கி, கடைசியில் ஒரு ஸ்வரம் மட்டும் விழித்திருந்து, அதுவும் போயிற்று. கூட்டம் கூரை இடிகிற மாதிரி கை தட்டியது.

வெளியூர்க்காரர் வணக்கம் சொல்லிவிட்டு நேராக அவளிடம்தான் வந்தார். முகத்தில் குற்றவாளிக் களை. "மன்னிச்சுடுங்க மேடம். ஏழாத்தான் வாசிக்கணும்னு உட்கார்ந்தேன். நேத்து காலைல நீங்க வாசிச்சது காதுல உட்கார்ந்துடுச்சு. அந்த இடம் வந்ததும் கை தானா அங்க போயிடுச்சு. பாதியில நிறுத்தவும் முடியல."

அவளுக்குக் கோபம் வர வேண்டியது, வரத்தான் செய்தது. காலையெல்லாம் பட்ட பாடு என்னத்துக்கு? அந்தச் சிரிப்பு ஏழில் அல்லவா வர வேண்டும்? "பிள்ளைங்க விழுந்திருந்தா?" என்றாள்.

"எனக்கும் உயிரே போயிடுச்சு," என்றார் அவர். பொய் சொல்கிற முகமாக இல்லை. அதற்குள் டீச்சர் வந்து, வகுப்பில் இத்தனை வருஷம் செய்யாத வேலையாக, அவளைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். ஏழு எட்டு என்ற பேச்சே எடுக்கவில்லை. அவருக்கு எல்லாம் நன்றாக நடந்தது, அவ்வளவுதான்.

அரங்கத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் கணவர் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றாள். நடந்ததை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. அது தன் தப்பு என்று சொல்வதா? ஊர் பேர் பெற்ற ஒருவர் கையில், அத்தனை பெரிய அரங்கத்தில், தன் தப்பு அவ்வளவு அழகாகக் கேட்டது என்று சொல்வதா? வாசிக்கிறவர் யாராவது எட்ட உட்கார்ந்து தன் வாசிப்பைத் தானே கேட்டதுண்டா? அவள் கேட்டதில்லை. இன்றைக்குத்தான், அதுவும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் கேட்டாள்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நல்லாத்தான் இருந்துச்சு. பிரமாதமா வாசிச்சாரு மனுஷன்." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா நடுவுல ஒரு இடத்துல அவரைக் காணோம். நீ வந்து வாசிச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "எந்த இடம்?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? அந்த அஞ்சு பொண்ணுங்க காலைத் தூக்கிட்டு நிக்குதுங்களே, அந்த இடம். நீ பாத்திரம் கழுவும்போது முனகுவியே, அது. இத்தனை வருஷமா சமையலறையில கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அவர் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே அந்த வரியை முனகிக் காட்டினார். சுருதி எங்கேயோ போயிற்று. கட்டம் மட்டும் எட்டும் சரியாக இருந்தது.